கொடையை வாழவைக்கும் கல்வி

மதீனத்துப் பள்ளிவாசலுக்கு எதிரே பைருஹா என்றொரு தோட்டம் இருந்தது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதனுள் சென்று, அங்கு ஊறிய சுவைநீரை அருந்துவது வழக்கம். தோட்டத்தின் உரிமையாளர் அபூ தல்ஹா (ரலி) அவர்கள். அன்சாரிகளுள் பேரீச்சந் தோட்டங்களை மிகுதியாக உடையவர். அவை அனைத்திலும் பைருஹாவையே பெரிதும் நேசித்தவர். தாம் விரும்புவதிலிருந்து வழங்காதவரை மனிதர் நன்மையை எய்தமாட்டார் என்னும் கருத்தமைந்த, ஆல இம்ரான் அத்தியாயத்தின் 92ஆம் வசனம் அருளப்பெற்றதும், அவர்கள் பெருமானாரிடம் விரைந்து வந்தார்கள். தமக்கு மிகவும் உகந்த அத்தோட்டத்தை இறைவனுக்காகக் கொடுத்துவிட்டதாகவும், தாங்கள் கருதும் வழியில் அதைப் பயன்படுத்தலாம் என்றும் கூறினார்கள்.

பெருமானார் (ஸல்) அவர்கள் மனமகிழ்ந்து பாராட்டினார்கள். ஆயின், உடனே அதை ஏற்றுக்கொண்டு விடவில்லை. அபூ தல்ஹாவின் நெருங்கிய உறவினருக்கே அது பகிர்ந்தளிக்கப்படுவதை விரும்புவதாக ஆலோசனை கூறினார்கள். அவ்வாறே தோட்டம் உறவினரிடையே பங்கிடப்பட்டது.

ஏறத்தாழ இதே வகையில் உமர் (ரலி) அவர்களும் வந்தார்கள். கைபரில் அவர்களுக்கு நிலம் கிடைத்திருந்தது. அதைவிட உயர்ந்த செல்வம் தமக்கு வாய்த்ததில்லை என்று கருதினார்கள். அதை என் செய்வது என வினவியபோது, பெருமானார் மற்றொரு வழியைக் காட்டினார்கள்: மூலப்பொருளை நிறுத்திவைத்து, அதன் விளைச்சலை அறமாக்குக என்பதே அவ்வழி. விற்கக் கூடாது, அன்பளிப்பாக வழங்கக் கூடாது, வாரிசுரிமையாகச் செல்லக் கூடாது. வக்ஃபு என நாம் இன்று அழைக்கும் ஏற்பாட்டின் இலக்கணம் இவ்வாறு பிறந்தது.

மூன்றாமவர் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள். மக்காவில் கடும் நோயுற்றுக் கிடந்தபோது, பெருமானார் நலம் விசாரிக்கச் சென்றார்கள். தமக்கு வாரிசாக ஒரே மகள் இருப்பதைச் சொல்லி, செல்வத்தில் மூன்றில் இரு பங்கை அறத்துக்கு எழுதலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்பது மறுமொழி. பாதி? வேண்டாம். மூன்றில் ஒன்று? அது போதும், அதுவே மிகுதிதான் என்று பெருமானார் அளவு வகுத்தார்கள். வாரிசுகள் பிறரிடம் கையேந்தும் நிலையில் விடப்படுவதைவிட, தன்னிறைவோடு விடப்படுவதே மேல் என்றும் விளக்கினார்கள். ஸஅத் அவர்கள் அந்நோயிலிருந்து எழுந்து, மேலும் பல்லாண்டுகள் வாழ்ந்து, வேறு மக்களையும் பெற்றார்கள் என்பதை எண்ணிப் பார்க்கும்போது, அவ்வாலோசனையின் அருமை இன்னும் விளங்குகிறது.

மூவருக்கும் கொடையுள்ளம் ஒன்றே. பெற்ற ஆலோசனைகளோ மூன்று. யாருக்குக் கொடுப்பது என்பதை அபூ தல்ஹாவும், எவ்வடிவில் கொடுப்பது என்பதை உமரும், எவ்வளவு கொடுப்பது என்பதை ஸஅதும் கற்றுக்கொண்டார்கள். கொடுக்க வருபவரை வாழ்த்தி, கைநீட்டிப் பெற்றுக்கொள்வதோடு பெறுபவரின் கடமை முடிந்துவிடாது. கொடையாளருக்கு வழிகாட்டவும் தெரிந்திருக்க வேண்டும். இந்த வழிகாட்டும் அறிவு ஒரு கல்வியாக வளர்ந்த வரலாற்றையும், அது தளர்ந்த இடங்களில் கொடைகளுக்கு நேர்ந்ததையும் இக்கட்டுரையில் காண்போம்.

இரு தோட்டங்கள்

பைருஹாவுக்கும் கைபர் நிலத்துக்கும் பின்னாளில் நிகழ்ந்தவை நம் சிந்தனைக்கு உரியவை. பைருஹாவில் பங்கு பெற்றோருள் ஒருவர் கவிஞர் ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்கள். அவர்கள் தம் பங்கை முஆவியா (ரலி) அவர்களுக்கு விற்றுவிட்டார்கள். அபூ தல்ஹாவின் தர்மத்தையா விற்கிறீர் என்று சிலர் கேட்டபோது, நல்ல விலை கிடைக்கையில் விற்றால் என்ன என்ற பொருள்பட விடையிறுத்தார்கள். அதில் தவறு இல்லை. அபூ தல்ஹா அதை அவர்களுக்கு முழு உரிமையாகவே அளித்திருந்தார்கள். உடைமையாளர் தம் உடைமையை விற்கலாம். அவ்விடத்தில் பின்னர் முஆவியா அவர்களின் மாளிகை எழுந்தது.

உமர் அவர்களின் நிலமோ விற்பனைக்கு அப்பாற்பட்டு நின்றது. அதற்கென எழுதப்பட்ட பத்திரத்தின் வாசகம் அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் பதிவாகியுள்ளது. அவர்கள் அமீருல் முஃமினீன் எனக் குறிக்கப்படுவதால், ஆட்சிப் பொறுப்பிலிருந்த ஹிஜ்ரி 13 முதல் 23 வரையிலான (கி.பி. 634-644) காலத்தில் எழுதப்பட்டதெனக் கொள்ளலாம். அதன் நுட்பத்தைப் பாருங்கள். தம்ஃகு முதலாக ஒவ்வோர் உடைமையும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளது. கைபரின் நூறு பங்குகள் எண்ணிச் சொல்லப்பட்டுள்ளன. நிர்வகிப்பவர் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்கள். அவர்கள் வாழ்நாளுக்குப் பின், குடும்பத்தில் நல்லறிவுடையவர். நிர்வகிப்பவர் முறையாக உண்ணலாம் என்ற அனுமதியும் உண்டு. எழுதியவர் முஐகீப், சாட்சி அப்துல்லாஹ் இப்னுல் அர்கம் என்று இருவர் பெயரும் காணப்படுகின்றன. பொருள், பயனாளி, நிர்வாகி, அடுத்த நிர்வாகி, எழுதியவர், சாட்சி ஆகிய ஆறும் அந்தச் சிறு பத்திரத்தில் அடங்கிவிட்டன.

இரண்டுமே ஏற்கப்பெற்ற அறங்கள். எனினும் ஒன்று கைமாறிற்று, மற்றொன்று நிலைத்தது. வேற்றுமை உள்ளத்தில் இல்லை, கொடையின் வடிவத்தில் இருந்தது.

கேட்கச் செல்பவருக்கும் பாடம்

கொடையாளருக்கு மட்டுமின்றி, கொடையைத் திரட்டச் செல்பவருக்கும் அந்நாளிலேயே பாடம் புகட்டப்பட்டது. முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்புகையில், மக்களின் செல்வத்தில் ஆகச் சிறந்தவற்றையே பொறுக்கி எடுப்பதைத் தவிர்க்குமாறும், அநீதிக்குள்ளானவரின் முறையீட்டை அஞ்சுமாறும் பெருமானார் அறிவுறுத்தினார்கள்.

இப்னுல் லுத்பிய்யா என்பாரின் நிகழ்ச்சி இன்னும் கூர்மையானது. ஸகாத் திரட்டி மீண்ட அவர், இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பொருளை இரண்டாகப் பிரித்து வைத்தார். பெருமானார் மிம்பரில் ஏறி, அவர் தம் பெற்றோர் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். திரட்டுபவர்க்கு உரிய ஊதியத்தை இறைமறையே அனுமதிக்கிறது. ஸகாத்தைப் பெறுவோர் எண்மருள் அதற்காகப் பணியாற்றுவோரும் ஒரு வகையினர். ஆயின், ஊதியம் வேறு, பதவியின் நிழலில் வரும் பரிசு வேறு. இவ்விரண்டுக்கும் இடையே கோடு கிழித்த பாடம் அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், வேறொரு நாட்டில் இதே பாடத்தை மீண்டும் சந்திக்க இருக்கிறோம்.

ஏட்டில் ஏறிய கலை

நாடுகள் விரிந்தன, அறக்கொடைகளும் பெருகின. நினைவையும் நல்லெண்ணத்தையும் மட்டும் நம்பியிருக்க இயலாத காலம் வந்தது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் இரு பெரியார்கள் வக்ஃபுக்கென்றே தனி நூல் யாத்தார்கள். ஒருவர் பஸராவின் ஹிலால் இப்னு யஹ்யா (ரஹ்). ஹிஜ்ரி 245இல் மறைந்தவர். அவர் நூல் நம் நாட்டு ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃப் பதிப்பகத்தால் ஹிஜ்ரி 1355இல் அச்சேறியது. மற்றவர் பக்தாதின் அபூபக்ர் அல்-கஸ்ஸாஃப் (ரஹ்). ஹிஜ்ரி 261இல் மறைந்தவர். காலணி தைத்துப் பிழைத்ததால் அப்பெயர் பெற்றார் என்பர். அரசவையில் மதிக்கப்பட்ட அறிஞர் தம் கைத்தொழிலால் உண்டார் என்பது அக்காலத்தின் பெருமை.

இவ்விரு நூல்களும் வினா விடை முறையில் நடப்பவை. ஒருவர் இன்ன சொல்லைச் சொல்லி வக்ஃபு செய்தால் முடிவு யாது என்று கேள்வி எழும், விடை வரும், சொல்லைச் சற்றே மாற்றி மீண்டும் கேள்வி எழும். என் பிள்ளைகளுக்கு என்று எழுதினால் பேரப்பிள்ளைகளும் அடங்குவரா? என் அண்டை வீட்டாருக்கு என்றால் எந்த வீடு வரை? என் உறவினருள் ஏழைகளுக்கு என்று எழுதியபின் ஏழையாயிருந்தவர் செல்வரானால்? இவற்றை வெறும் வாதத் திறமை என்று கருதுவது பிழை. கொடையாளர் மறைந்தபின் அவரை எழுப்பிக் கேட்க இயலாது. ஆகவே, அவர் உயிரோடிருக்கையில் கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் முன்கூட்டியே தொகுத்து வைத்தார்கள். வக்ஃபு எழுதுபவருக்கு அவை பாடப்புத்தகங்களாயின.

சட்ட வேறுபாடுகளும் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்தில், காழியின் தீர்ப்பு கிட்டினாலன்றி, அல்லது மரண சாசனமாக அமைந்தாலன்றி வக்ஃபு கட்டுப்படுத்தாது. கொடுத்தவர் திரும்பப் பெறலாம். அவர்களின் மாணவர்களான அபூயூஸுஃப், முஹம்மத் (ரஹ்) ஆகிய இருவரும் இதில் மாறுபட்டார்கள். எனவே, பிற்காலப் பத்திர எழுத்தாளர்கள் ஒரு முறையைக் கையாண்டனர். கொடையாளர் சொத்தை முத்தவல்லியிடம் ஒப்படைப்பார், பின் திரும்பக் கேட்பார், முத்தவல்லி மறுப்பார், வழக்கு காழியிடம் செல்லும், மாணவர் இருவரின் கருத்தைப் பின்பற்றி வக்ஃபு செல்லும் என்று காழி தீர்ப்பளிப்பார். அத்தீர்ப்பும் பத்திரத்திலேயே எழுதப்படும். பின்னாளில் ஒருவரும் அசைக்க முடியாதபடி கொடைக்கு இட்ட பூட்டு இது.

பத்திரம் எழுதும் கலைக்கு ஷுரூத் என்று பெயர். தமிழகக் கடற்கரை ஊர்களில் நாம் பெரும்பாலும் பின்பற்றும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் அல்-உம்மு நூலிலேயே வக்ஃபுப் பத்திரத்தின் மாதிரி ஒன்று உண்டு. எகிப்தின் இமாம் தஹாவீ (ரஹ், மறைவு ஹிஜ்ரி 321) ஷுரூத் பற்றித் தனி நூல்களே எழுதினார்கள். ஹிஜ்ரி 733இல் மறைந்த நுவைரீ, தம் பெருந்தொகுப்பு நூலில் இவ்வெழுத்தாளருக்குரிய தகுதிகளை வரிசைப்படுத்துகிறார்: நேர்மை வேண்டும், நல்ல கையெழுத்து வேண்டும், அரபு மொழியும் ஃபிக்ஹும் தெரிய வேண்டும், கணக்கும் பாகப்பிரிவினையும் பழகியிருக்க வேண்டும், உலக நடப்பில் அனுபவம் வேண்டும். மொழி, சட்டம், கணக்கு, ஒழுக்கம், அனுபவம் ஆகிய ஐந்தும் ஒருவரிடம் கூடினால்தான் அவரை நம்பி ஒரு சொத்தை எழுதலாம் என்பது கருத்து.

இக்கல்வி தழைத்த நாளில் கொடைகள் எவ்வளவு நுண்மையாக அமைந்தன என்பதற்கு, 1326இல் டமாஸ்கஸ் சென்ற இப்னு பதூதா ஒரு காட்சியை எழுதியிருக்கிறார். பணியாளச் சிறுவன் ஒருவன் சீனத்துத் தட்டைத் தவறவிட்டு உடைத்து நின்றான். உடைந்த துண்டுகளைப் பொறுக்கிப் பாத்திரங்களுக்கான வக்ஃபின் பொறுப்பாளரிடம் செல்லுமாறு ஒருவர் வழிசொன்னார். துண்டுகளைக் காட்டியதும், வேறு தட்டு வாங்கப் பணம் கிடைத்தது. எசமானனின் அடிக்கு அஞ்சும் சிறுவனைக் கொடையாளர் ஒருவர் முன்கூட்டியே நினைத்திருக்கிறார். துண்டுகளைச் சான்றாகக் காட்ட வேண்டும் என்ற ஒழுங்கும் அங்கே இருந்திருக்கிறது. இரக்கமும் கணக்கும் கைகோத்து நின்ற காட்சி அது.

மொழி தெரியாத நீதிமன்றங்கள்

ஆங்கிலேயர் ஆட்சி வந்தது. காழியின் இருக்கையில் வேறு நீதிபதி அமர்ந்தார். நம் முன்னோர் பழைய முறையிலேயே எழுதினர். தீர்ப்போ புதிய முறையில் வந்தது.

தமிழ் முஸ்லிம் வணிகர் பலர் குடியேறி வாழ்ந்த பினாங்கில், 1871இல் ஃபாத்திமா எதிர் லோகன் என்ற வழக்கு வந்தது. முஸ்லிம் ஒருவரின் மரண சாசனம் பற்றிய வழக்கு. அங்கு ஆங்கிலச் சட்டமே செல்லும் என்றும், ஆண்டுதோறும் கந்தூரி நடத்த எழுதிவைத்தது அச்சட்டத்தின்படி அறக்கொடை ஆகாது என்றும் நீதிமன்றம் கொண்டது. ஏழைகளுக்குச் சோறிடுவதாக எழுதியவர் கருதியதை, நீதிபதி விருந்தாகக் கண்டார்.

சிங்கப்பூரில் 1923இல் அரபுக் குடும்பம் ஒன்றின் சாசனம் வழக்குக்கு வந்தது. உமூருல் கைர், அதாவது நற்காரியங்கள், என்ற சொல் அதில் இருந்தது. நம் செவிக்கு இதைவிடத் தூய சொல் உண்டா? ஆயின், நற்காரியம் என்பது மிக விரிந்த சொல். ஆங்கிலச் சட்டம் அறம் என்று வரையறுத்தவற்றையும் கடந்து செல்வது. ஆதலால் கொடை செல்லாது என்று முடிவாயிற்று. ஒரு சொல், அதுவும் நல்ல சொல், கொடையைச் சாய்த்துவிட்டது.

எல்லாவற்றிலும் பெரிய அடி 1894இல் லண்டனிலிருந்து விழுந்தது. வங்காளத்தைச் சேர்ந்த சகோதரர் இருவர் தம் சொத்தைச் சந்ததியினருக்குத் தலைமுறை தலைமுறையாகவும், சந்ததி அற்றுப்போனால் விதவைகள், அநாதைகள், ஏழைகளுக்காகவும் வக்ஃபு செய்திருந்தனர். அபுல் ஃபதா எதிர் ரசமய் தர் சௌதுரி எனப்படும் அவ்வழக்கில், ஏழைகளுக்கான பங்கு எட்டாத் தொலைவில் உள்ள வெறும் தோற்றமே என்று கூறி, பிரிவி கவுன்சில் அந்த வக்ஃபைச் செல்லாததாக்கியது. குடும்ப வக்ஃபுகள் நாடெங்கும் ஆட்டம் கண்டன.

இந்தச் சிக்கலை அவிழ்க்க, இரு கல்வியும் ஒருங்கே உடையவர்கள் தேவைப்பட்டனர். கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி அமீர் அலீ, ஷரீஅத் நூல்களையும் ஆங்கிலச் சட்டத்தையும் ஒருசேரக் கற்றவர். குடும்ப வக்ஃபு செல்லும் என்று அவர் முன்னரே தீர்ப்பில் மாறுபட்டு எழுதியிருந்தார். அப்போது அது ஏற்கப்படவில்லை. மௌலானா ஷிப்லீ நுஃமானீ உலமாக்களைத் திரட்டினார். வழக்குரைஞர் முஹம்மத் அலீ ஜின்னா 1911இல் சட்டசபையில் மசோதாவைக் கொணர்ந்தார். 1913இல் வக்ஃபைச் செல்லுபடியாக்கும் சட்டம் நிறைவேறியது. அது பழைய வக்ஃபுகளையும் காக்குமா என்ற ஐயம் நீங்க, 1930இல் மற்றொரு சட்டம் வேண்டியிருந்தது. ஒரு தீர்ப்பால் நேர்ந்ததைச் சரிசெய்ய 36 ஆண்டுகள் கழிந்தன.

நீதிபதிகளை மட்டும் குறைகூறி அமைவது நேர்மையாகாது. கடன்காரரிடமிருந்து சொத்தை மறைக்கவும், பெண்மக்களின் பங்கைத் தடுக்கவும் குடும்ப வக்ஃபைப் பயன்படுத்தியோர் நம்முள் இருந்தனர். ஸஅத் (ரலி) அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட பாடம் அவர்கள் காதில் ஏறவில்லை. ஏற்றக் கடமைப்பட்ட வழிகாட்டிகள் வாளாவிருந்தனர்.

கடல் கடந்த நாட்டில் ஒரு கல்வி

நம்மிடையே இக்கல்வி மங்கிய காலத்தில், அமெரிக்க நாட்டில் அதையொத்த ஒன்று மெல்ல உருவாயிற்று. 1831இல் ஜான் டிரம்புல் என்ற முதிய ஓவியர், தம் ஓவியங்களை யேல் கல்லூரிக்கு அளித்தார். ஈடாக, தம் வாழ்நாள் முழுதும் ஆண்டுக்கு 1000 டாலர் பெற்றார். கொடுப்பவர் உயிருள்ளவரை வருவாய் பெற, எஞ்சியது அறநிலையத்துக்குச் சேரும் இவ்வகை ஏற்பாடு அங்கே பரவியது. அதன் மார்க்கத் தீர்ப்பு ஈண்டு நம் பொருளன்று. அதைச் சூழ்ந்து வளர்ந்த கல்வியே நாம் காண வேண்டியது.

பல நிலையங்கள் இவ்வகைக் கொடைகளைத் தேடத் தொடங்கின. நான் அதிகம் தருகிறேன், என்னிடம் வாருங்கள் என்ற போட்டி எழுந்தது. அளவுக்கு மீறி வாக்களித்தால், கொடையாளர் நெடுநாள் வாழும்போது நிலையமே வறண்டுவிடும். இதை உணர்ந்து 1927இல் ஒரு குழு அமைத்தனர். ஆயுட்காலக் கணக்கறிந்தவரின் துணையோடு பொதுவான விகிதங்களைப் பரிந்துரைத்தனர். 1969இல் வந்த வரிச்சட்டம் இத்தகைய கொடைகளின் வகைகளைக் கடுமையாக வரையறுத்தது. அதன்பின், சட்டமும் கணக்கும் அறியாதவர் கொடையாளர் வீட்டு வாயிலை மிதிப்பதே ஆபத்து என்றாயிற்று.

1974இல் ஹென்றி ரோஸோ என்பவர் நன்கொடை திரட்டுவோருக்கென்றே கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளியைத் தொடங்கினார்; 1987இல் அது இந்தியானா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1981இல் இத்தொழிலுக்குத் தேர்வும் சான்றிதழும் வந்தன. திட்டமிட்ட கொடைக்கு வழிகாட்டுவோரின் தேசிய அமைப்பு 1988இல் தோன்றியது. 1991இல் அவர்களுக்கான ஒழுக்க நெறிகள் ஏற்கப்பட்டன. அவற்றின் சாரம் இது: கொடையாளரின் நலனைப் பேண வேண்டும், விளைவுகளை மறையாமல் விளக்க வேண்டும், அவர் தம் சொந்த வழக்குரைஞரைக் கலந்துகொள்ள ஊக்குவிக்க வேண்டும், கொடையைக் கொண்டுவந்ததற்காகத் தரகு கொடுப்பதும் பெறுவதும் கூடாது. 2012இல் இந்தியானா பல்கலைக்கழகம் அறக்கொடை இயலுக்கெனத் தனிப் புலத்தையே நிறுவியது.

தரகு கூடாது என்னும் நெறியைப் படித்தபோது, இப்னுல் லுத்பிய்யாவின் நிகழ்ச்சி நம் கண்முன் நின்றது. வாரிசுகளையும் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள் என்ற பாடத்தைக் கண்டபோது, ஸஅத் அவர்களின் நோய்ப்படுக்கை நினைவுக்கு வந்தது. அந்நாட்டுக் கல்வியைப் பெரிதும் வளர்த்தது வரிச்சலுகை என்பதை நாம் மறக்கவில்லை. அதைப் புகழ்வதும் நம் நோக்கமன்று. அவர்கள் இதைக் கற்பிக்கத் தக்க ஒரு பொருளாகக் கருதி, ஆசிரியர், பாடம், பயிற்சி, தேர்வு என்று ஒழுங்கு செய்தார்கள். நாம் பாடத்தை வைத்திருந்தும் பயிற்சியைக் கைவிட்டோம்.

நாம் எழுதிய ஒரு பத்திரம்

பிறர் குறையைப் பேசியவர்கள் தம் குறையையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன், மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கத் தொடங்கிய புதிதில், பெரியவர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். தம் தென்னந்தோப்பின் வருவாயை, ஓத வரும் ஏழைப் பிள்ளைகளின் உணவுக்கு எழுதிவைக்க விரும்பினார். 'ஹஜ்ரத், உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள். அதுதான் எனக்குப் பரக்கத்து' என்றார். நமக்கும் பெருமையாக இருந்தது. அவ்வாண்டு வக்ஃபின் பாடத்தை நாமே நடத்திக்கொண்டிருந்தோம். அரபியில் இறைபுகழோடு தொடங்கி, அழகிய தமிழில் எழுதினோம். அவர் கண்ணீர் மல்கக் கையொப்பமிட்டார். சாட்சிகளும் ஒப்பமிட்டனர்.

அப்பெரியவருக்கு இரண்டு தோப்புகள் இருந்தன. 'எனது தென்னந்தோப்பு' என்று மட்டுமே நாம் எழுதியிருந்தோம். நான்கெல்லை எழுதவில்லை; சர்வே எண் எழுதவில்லை; முத்தவல்லியையும் அடுத்தவரையும் குறிக்கவில்லை. பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லவும் நமக்குத் தெரியவில்லை. அவர் மறைந்தபின் பிள்ளைகள் நம்மிடம் வந்தார்கள். கெட்டவர்கள் அல்லர், தந்தையின் விருப்பத்தை நிறைவேற்றவே வந்தார்கள். 'எந்தத் தோப்பு ஹஜ்ரத்?' என்று கேட்டார்கள். ஆற்றங்கரைத் தோப்பு என்றார் ஒருவர். சாலையோரத் தோப்பு என்றார் மற்றவர். நம்மிடம் விடை இல்லை. ஈராண்டு பேச்சுக்குப் பின் இரண்டும் பாகம் பிரிக்கப்பட்டன. பிள்ளைகளின் உணவுக்கு ஒரு தேங்காய்கூட வரவில்லை.

கைபர் நிலத்தைப் பெயர் சொல்லி எழுதிய உமர் (ரலி) அவர்களின் பத்திரத்தை நாம் ஓதியிருந்தோம், ஓதிக்கொடுத்தும் இருந்தோம். கை எழுதவேண்டிய வேளையில் அது நினைவுக்கு வரவில்லை. ஏனெனில், எழுதிப் பார்க்கும்படி நம் ஆசிரியர்கள் நமக்குச் சொன்னதில்லை. நாமும் நம் மாணவர்களுக்குச் சொன்னதில்லை. அந்தத் தாள் இன்றும் நம் கிதாபு ஒன்றின் நடுவே மடிந்து கிடக்கிறது.

செய்யத் தக்கவை

2025ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டத்தின்படி, இனி எழுத்துப் பத்திரம் இன்றிப் புதிய வக்ஃபு ஏற்படாது. குடும்ப வக்ஃபால் பெண்கள் உள்ளிட்ட வாரிசுகளின் உரிமை மறுக்கப்படலாகாது என்றும் அது கூறுகிறது. அச்சட்டத்தின் வேறு பல கூறுகள் குறித்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டுள்ளன, அவ்விவாதம் வேறு. வாய்ச்சொல்லால் வக்ஃபு செய்த காலம் இந்நாட்டில் முடிந்துவிட்டது என்பது மட்டும் உறுதி. எழுதத் தெரிந்தவர்களின் தேவை முன்னெப்போதையும்விட இப்போது மிகுதி.

நம் மத்ரஸாக்களுக்குப் புதிய நூல் எதுவும் வேண்டியதில்லை. வக்ஃபின் பாடம் முடிந்ததும், மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பத்திரம் எழுதிக் காட்டட்டும். ஆசிரியர் கஸ்ஸாஃபைப்போல் கேள்வி கேட்கட்டும்: எந்தத் தோப்பு? எந்த ஏழை? முத்தவல்லி மறைந்தால் யார்? மத்ரஸா மூடப்பட்டால் வருவாய் எங்கே செல்லும்? வழக்குரைஞர் ஒருவரையும், கணக்காளர் ஒருவரையும் ஆண்டுக்குச் சில நாள் வகுப்புக்கு அழைக்கட்டும். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மாணவரை ஒருமுறை கூட்டிச் சென்று, பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் கண்ணால் காணச் செய்யட்டும். ஊர் ஜமாஅத்துக்காக நன்கொடை திரட்டச் செல்வோர், முஆதுக்கும் இப்னுல் லுத்பிய்யாவுக்கும் சொல்லப்பட்டவற்றைக் கேட்டுவிட்டுப் புறப்படட்டும்.

இதைப் படிக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர் அறம் ஒன்றை எழுத விரும்பினால், தடுக்காதீர், அவசரப்படுத்தவும் செய்யாதீர். மனைவி, ஆண்மக்கள், பெண்மக்கள் அனைவரும் அருகிருக்க, மூன்று கேள்விகளை அவரிடம் அன்போடு கேளுங்கள்: யாருக்கு? எவ்வளவு? எவ்வடிவில்? அவர் நினைவும் நாவும் தெளிவாக இருக்கும்போதே கேளுங்கள். அவர் சொன்ன விடையை அவர் காணவே எழுதுங்கள். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

அப்பெரியவரின் தூய எண்ணத்துக்கு இறைவன் முழுக் கூலியை வழங்கியிருப்பான் என்பதில் நமக்கு ஐயமில்லை. பசித்திருந்த பிள்ளைகளுக்கு நாம் என்ன விடை சொல்வோம் என்பதே நம் கவலை. வல்ல அல்லாஹ் நம் பிழையைப் பொறுத்து, கொடுப்போரின் கொடையைக் காக்கத் தெரிந்த ஒரு தலைமுறையை நம் மத்ரஸாக்களிலிருந்து எழுப்புவானாக! ஆமீன்.